சீன மருந்துக்கடை: இழுப்பறையிலிருந்து தைலப் புட்டி வரை

மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்க வந்த சீனக் குடும்பங்கள் மூலிகைத் தொழிலைக் கட்டிய வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் எடைபோட்டுக் கொடுக்கும் கடை, பிறகு கட்டிவைத்த சூப்புப் பொட்டலம், கடைசியில் சொந்தப் பெயர் ஒட்டிய புட்டி. பேராக் மாநிலத்தின் கோப்பெங்கில் 1879இல் யூ கோங் தொடங்கிய யூ யான் சாங், வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்த கடை. டைகர் பாமுக்கும் மூலம் ஒரு கடைதான்: ரங்கூனில் ஹக்கா வைத்தியர் ஆவ் சூ கின் 1870களில் திறந்தது. எடுத்த எடுப்பிலேயே புட்டியில் தொடங்குகிறவர்கள் தடுமாறக் காரணம், சரக்கைக் கையால் பிசைந்து, முகர்ந்து, மென்று பழகும் காலம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பரம்பரைச் செய்முறை என்று பொத்திவைப்பதில் பாதி, பழைய மருத்துவ நூல்களில் எல்லாரும் படிக்கும் சேர்க்கைகள்தான். இன்று வாங்கிய பொட்டலமும் ஆறு மாதம் கழித்து வாங்கும் பொட்டலமும் ஒரே மாதிரி இருப்பதற்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். கீழே உள்ள கணக்கும் விதிகளும் இன்றைய மலேசியாவுக்கானவை.

சரக்கு வாங்கும் இடத்தில்

மொத்த வியாபாரியின் ரசீதில் சீனப் பெயர் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள்; தாவரவியல் பெயரும், எந்தப் பகுதி என்பதும் (வேரா, தண்டா, பட்டையா), தொகுதி எண்ணும் வேண்டும். காரணம், ஒரே வியாபாரப் பெயரில் இரண்டு மூன்று செடிகள் புழங்குகின்றன. ஃபாங் ஜி என்று கேட்டால் ஸ்டெஃபானியா வேர் வரவேண்டும். அதன் இடத்தில் குவாங் ஃபாங் ஜி வந்தால் அது அரிஸ்டோலோக்கியா; நம்மூர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரைகளில் இந்த இடமாற்றம் நடந்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. முதல் மருத்துவ அறிக்கை 1993இல் வந்தது. மு தோங் என்ற தண்டிலும் இதே சிக்கல் உண்டு. சின்சே எனும் சீன வைத்தியரின் மருந்துச்சீட்டில் இந்தப் பெயர்கள் வந்தால், எந்தச் செடி என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது கந்தகப் புகை. பூச்சி அண்டாமலும் நிறம் மங்காமலும் இருக்க மூலிகைக்குக் கந்தகப் புகை போடுவது பழைய பழக்கம். பால்போல் வெளுத்த லில்லிக் கிழங்கு, மங்கவே மங்காத சாமந்திப்பூ இரண்டையும் சந்தேகப்படுங்கள். ஒரு பிடி எடுத்து மூடிய டப்பாவில் பத்து நிமிடம் வைத்துத் திறந்தால் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறும். மென்றால் நாக்கில் புளிப்பு தட்டும். சீன மருந்து நூல் வைத்திருக்கும் கந்தக டையாக்சைடு வரம்பு பெரும்பாலான சரக்குகளுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம். தங்ஷென், பைஷு போன்ற சிலவற்றுக்கு 400. பெரிய அளவில் வாங்கும்போது சோதனைச் சான்றிதழில் இந்த வரியைத் தேடுங்கள். கோஜி பழத்தில் காம்பு இருந்த இடத்தில் சிறு வெளுத்த தழும்பு தெரியவேண்டும். அதுவும் சிவப்பாக இருந்தால் சாயம்.

சில சரக்கு லாபமாகத் தெரிந்தாலும் கடைக்குள் வரக்கூடாது. எறும்புத்தின்னிச் செதில், கரடிப் பித்தம், புலி எலும்பு எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகின்றன. (புலித் தைலத்தில் புலி இல்லை என்று இன்றும் சிலருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.) பலருக்குத் தெரியாதது, செடிகளிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு என்பது. மு சியாங் என்று விற்கும் கோஷ்ட வேர், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க ஜின்செங் வேர் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இறக்குமதிக்குத் தாள் கேட்பார்கள்.

சரக்கைக் காப்பது

மலேசிய ஈரப்பதம்தான் இந்தத் தொழிலின் முதல் எதிரி. கிடங்கில் ஈரப்பதமானி தொங்கட்டும்; முள் 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கவேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவிலும் ஓடட்டும். குளிர்சாதனத்தைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் சரக்கின் மேல் நீர் பூத்துப் பூஞ்சை வேகமாகப் பிடிக்கும். அதைவிட, சாதனமே போடாமல் காற்றோட்டம் விடுவது மேல்.

புதிதாக வரும் இனிப்பு, எண்ணெய்ச் சரக்குகளான தங் குய், தங்ஷென், கோஜி, சிவப்புப் பேரீச்சை (உண்மையில் காய்ந்த சீன இலந்தை), பெய்ச்சி ஆகியவற்றை மூட்டை பிரித்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு, உறை பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். மருந்துக்கடை வண்டின் முட்டையும் புழுவும் இதில் சாகும். வெளியே எடுத்தபின் பையை உடனே திறக்கவேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை, அதாவது பெரிய பையானால் ஒரு முழு நாள், மூடியே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பனி நீர் சரக்கில் இறங்கி, வண்டைக் கொன்ற வேலை பூஞ்சைக்கு வழி திறந்ததாகிவிடும். அதன்பிறகு கோஜியும் பேரீச்சையும் குளிர்ப்பெட்டியில்தான் இருக்கவேண்டும். வெளியில் வைத்த கோஜி கறுத்து ஒட்டிக்கொள்ளும். பழைய கடைகளில் ஸே சியே கிழங்கையும் மு தான் பட்டையையும் ஒரே பெட்டியில் வைப்பார்கள். முன்னதைப் புழுவும் பின்னதை நிறமாற்றமும் அண்டாதாம். பழக்கம் நல்லதுதான், ஆனால் உறை பெட்டிக்கு ஈடாகாது.

இழுப்பறையும் தராசும்

சுவரை மறைக்கும் நூறு இழுப்பறை அலமாரி அழகுக்காக வைத்ததல்ல. பூவும் இலையும் போன்ற இலேசான சரக்கு மேல்வரிசையில். நாள் முழுக்கக் கை போகும் தங் குய், பெய்ச்சி, அதிமதுரம் மார்பு உயரத்தில். கல், சிப்பி, கரி போன்றவை கீழே. மேலே வைத்தால் இடுக்கு வழியாகத் தூள் கொட்டி அடுத்த அறையைக் கெடுக்கும். ஒரு மருந்துச்சீட்டில் சேர்ந்தே வருபவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நடை மிச்சம். பார்வைக்கு ஒத்தவற்றை மட்டும் அலமாரியின் இரு கோடிகளுக்குப் பிரித்துவிடுங்கள். சேரக்கூடாதவை என்று மரபு சொல்பவற்றுக்கும் அதே கதி. பதினெட்டு எதிரிகள் பட்டியலில் அதிமதுரத்தோடு கான் சுய் சேராது, பத்தொன்பது அச்சங்கள் பட்டியலில் கிராம்போடு யூ ஜின் சேராது. இந்த இரண்டு பட்டியலும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கவேண்டும். எஃபெட்ரா, அகோனிடம் போன்ற நச்சுச் சரக்கு புதுக் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

இழுப்பறையை நிரப்பும்போது பழையதைக் கொட்டி, அறையைத் துடைத்து, புதியதை அடியில் போட்டு, பழையதை மேலே இடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு மேலே மேலே கொட்டும் கடைகளில் அடிச்சரக்கு இரண்டு வருடம் கிடந்து புழுத்திருக்கும்.

எடையில் பெரிய குழி ஒன்று உண்டு. மலேசியாவின் பழைய அளவில் 16 ‘தாயில்’ சேர்ந்தது ஒரு ‘கட்டி’, அதாவது சுமார் 605 கிராம். ஒரு தாயில் 37.8 கிராம், அதில் பத்தில் ஒன்றான ஒரு ச்சியென் 3.78 கிராம். சீனாவில் மருந்துச்சீட்டுக்கு ஒரு ச்சியென் 3 கிராம் என்று மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வந்த சீட்டில் 3 ச்சியென் என்றால் 9 கிராம். உள்ளூர்க் கணக்கில் போட்டால் 11.3 கிராம் போய்விடும். கால் பங்கு கூடுதல். அதனால் கடைக்குள் கிராம் ஒன்றே புழங்கட்டும். சீட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்து மாற்றி, அதன் ஓரத்தில் கிராமில் எழுதிக்கொண்டு பிறகு எடைபோடுங்கள். தந்தக் கோல் தராசு கண்ணாடிக்குள் அழகாக இருக்கட்டும். வியாபாரத்துக்கு 0.1 கிராம் காட்டும், முத்திரை பெற்ற மின் தராசுதான்.

ஏழு வேளைக்கு 9 கிராம் என்றால் 63 கிராமை மொத்தமாக எடைபோட்டுக் கண்ணால் ஏழாகப் பிரிப்பதுதான் வழக்கம், தவறு நுழைவதும் அங்கேதான். ஒவ்வொரு பங்கையும் மறுபடி தராசில் வையுங்கள். 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் சரிசெய்யுங்கள். தாளில் சரக்குகளைக் குவியலாகக் கொட்டாமல், சீட்டின் வரிசைப்படி தனித்தனிச் சிறு குவியலாக வைத்தால் இரண்டாவது ஆள் ஒரே பார்வையில் சரிபார்க்கலாம். எடுத்தவரே சரிபார்ப்பது சரிபார்ப்பாகாது.

பொட்டலத்தோடு காய்ச்சும் முறையையும் அச்சடித்துக் கொடுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் பாதிப் பேர் அலுமினியச் சட்டியில் காய்ச்சுகிறார்கள். துவர்ப்புச் சரக்கு இரும்போடும் அலுமினியத்தோடும் வினைபுரிந்து கறுத்துவிடும். மண் சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் மூன்றும் சரி. அரை மணி ஊறவைத்து, சரக்குக்கு மேல் இரண்டு விரல் கிடை நீர் நிற்க, கொதித்ததும் தீயைக் குறைத்து 30 நிமிடம். உடல் தேற்றும் மருந்தானால் 45 முதல் 60 நிமிடம். ‘மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாக’ என்ற பழைய கணக்கு இதற்குப் பொருந்தும். சிப்பி, கல் வகை 20 நிமிடம் முன்னதாக. புதினா கடைசி 5 நிமிடத்தில். சே சியன் (இசப்கோல் இனச் செடி) விதை போன்ற வழவழப்பு விதைகள் துணிப் பையில். இவற்றைத் தனித் தனிச் சிறு பொட்டலமாகக் கட்டி மேலே எழுதாவிட்டால் எல்லாம் ஒரே சட்டியில் ஒரே நேரத்தில்தான் விழும்.

கல்லாவில் மூன்று கேள்வி கட்டாயம். கர்ப்பமா? இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ எடுக்கிறாரா? வீட்டில் கைக்குழந்தையோ ஜி6பிடி எனும் பரம்பரை நொதிக் குறைபாடு உள்ளவரோ உண்டா? தங் குய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அதிமதுரம் நாள்பட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். ஹுவாங் லியன் வேரைப் பிறந்த குழந்தைக்குக் கொடுத்தால் மஞ்சள் காமாலை மோசமாகலாம். சிங்கப்பூர் 1978இல் அதற்கும் அதன் சத்தான பெர்பெரினுக்கும் தடைபோட்டு, பல்லாண்டுக்குப் பிறகே நீக்கியது. குழந்தைக்குக் கழுவி ஊற்ற என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சூப்புப் பொட்டலம்

முதல் சொந்தப் பொருளாக பா ஸென் எனும் எட்டுச் சரக்குச் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு, ஒரு கோழிக்கும் இரண்டு லிட்டர் நீருக்கும்: தங்ஷென் 15 கிராம், பைஷு 10, ஃபூலிங் 15, வறுத்த அதிமதுரம் 5, தங் குய் 8, சுவான்சியுங் 5, பைஷாவ் 10, ஷூதி 15. மொத்தம் 83 கிராம். கூடவே கோஜி 10 கிராமும் ஐந்தாறு பேரீச்சையும். ஒன்றரை மணி நேரம் இளந்தீ.

சூப்பு கசக்கிறது என்ற புகார் வந்தால் முதலில் சுவான்சியுங்கைப் பாருங்கள், 5ஐத் தாண்டியிருக்கும். பொட்டலம் பூத்துப்போவதற்குக் காரணம் ஷூதி. வேகவைத்துக் கறுத்த அந்தக் கிழங்கு ஈரப்பிசுக்கு உள்ளது. மற்ற ஏழோடு சேர்ந்து கிடந்தால் அதன் ஈரத்தை ஃபூலிங் உறிஞ்சிப் பூஞ்சை கட்டும். ஷூதியையும் கோஜியையும் தனி உள்ளுறையில் அடைத்து உறிஞ்சுபொருள் ஒன்று போட்டால் இது நிற்கும்.

விலை போடும்போது வாங்கிய எடையை வைத்துக் கணக்கிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ தங் குய் 80 வெள்ளி (ரிங்கிட்). தூளும் வால்வேரும் கழித்துச் சல்லடையில் நிற்பது 930 கிராம். அப்படியானால் 100 கிராமின் அடக்கம் 8.60 வெள்ளி, 8 அல்ல. எட்டுச் சரக்கிலும் இந்த அறுபது காசு நழுவினால் வருட முடிவில் லாபம் காணாமல் போயிருக்கும். கழித்த வால்வேர் வீணல்ல, உடைந்த சரக்கு என்று தனி விலையில் விற்கும். பொட்டலத்துக்குள் மட்டும் ஒளிக்கக்கூடாது.

தைலம்

கடை ஓடி, பொட்டலம் பேர் எடுத்தபிறகு புட்டி. கீழ்க்காணும் ஒரு கிலோ அளவு சோதனைக்கானது. விற்பனைக்கான தைலம் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் மட்டுமே ஊற்றப்படவேண்டும். ஆனாலும் பதத்தைக் கையால் அறியாமல் ஒப்பந்தத் தொழிற்சாலையோடு பேசப் போனால் அவர்கள் கைவசமுள்ள கலவையைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

மெந்தால் 100 கிராம், மருந்துத் தரக் கற்பூரம் 110, காயு பூத்தே எண்ணெய் 70, புதினா எண்ணெய் 60, கிராம்பு எண்ணெய் 30, பாரஃபின் மெழுகு (58–60 டிகிரியில் உருகும் வகை) 180, வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி 450. கற்பூரத்தை 11 விழுக்காட்டில் நிறுத்தியது காரணத்தோடுதான்: அமெரிக்கா மேற்பூச்சுக்கு அதற்கு மேல் ஏற்பதில்லை, ஏற்றுமதி எண்ணம் பிறகு வந்தால் கலவையை மாற்றவேண்டியிராது. பூஜைக் கற்பூரம் ஆகாது.

மெந்தாலையும் கற்பூரத்தையும் கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்துக் கிளறினால் சூடு இல்லாமலே இரண்டும் இளகி நீராகும். அதில் மூன்று எண்ணெயையும் ஊற்றி மூடிவையுங்கள். மெழுகையும் ஜெல்லியையும் நீர்க்குளியலில் 75 டிகிரி வரை சூடாக்கித் தெளியவிடுங்கள். அடுப்பு மின்சாரமாக இருக்கட்டும். காயு பூத்தே ஆவி 50 டிகிரிச் சுமாரிலேயே தீப்பிடிக்கும், எரிவாயு அடுப்புப் பக்கம் இந்த வேலையே கூடாது. மெழுகுக் கலவை 60க்கு இறங்கி, ஓரத்தில் மெல்லிய மங்கல் தெரியும்போது எண்ணெய்க் கலவையைச் சேர்த்து, நுரை எழாமல் இரண்டு நிமிடம் மெல்லக் கிளறி, 52–55 டிகிரியில் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். 19 கிராம் புட்டியானால் சிந்தல் போக ஐம்பது வரும்.

நடுவில் குழி விழுந்தால் சூடாக ஊற்றிவிட்டீர்கள். மேல்புறம் முந்தி இறுகி உள்ளே சுருங்கியிருக்கிறது. கட்டி கட்டியாக நின்றால் ஆறவிட்டு ஊற்றியது. மூடியின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் கோத்திருந்தால் மூடி சரியாக இறுகவில்லை, கற்பூரம் ஆவியாகி மேலே ஒட்டியிருக்கிறது. மூடியின் உள்தட்டை மாற்றுங்கள். மேலே எண்ணெய் வியர்த்தால் மெழுகை 200க்கு ஏற்றி அந்த அளவை ஜெல்லியில் குறையுங்கள். பிளாஸ்டிக் புட்டி மலிவென்று மாறினால் சில வகைகளைக் கற்பூரம் இளக்கிவிடும். ஊற்றியவற்றில் ஐந்தை 45 டிகிரியில் இரண்டு நாள், பிறகு குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் என்று மூன்று சுற்று வைத்துப் பாருங்கள். பதம் மாறாதிருந்தால் மலேசிய வெயிலுக்குத் தாங்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பூசக்கூடாது, உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது என்ற வரி பொடி எழுத்தில் இருக்கக்கூடாது. கற்பூரம் விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரும்.

பதிவும் விளம்பரமும்

காய்ந்த வேரை வெட்டி எடைபோட்டுக் கொடுப்பது ஒரு வகை. அரைத்து, அடைத்து, பெயர் வைத்து, இன்ன நோய்க்கு என்று சொன்னால் அது 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் வந்துவிடும். தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. வழங்கும், எம்.ஏ.எல். என்று தொடங்கி ‘டி’ (T) எழுத்தில் முடியும் பதிவு எண் இல்லாமல் அலமாரியில் ஏற்ற முடியாது. பதிவுக்கு முன் ஆய்வுக்கூடம் பார்ப்பதில் முக்கியமானவை ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்ற உச்சவரம்புகள். தைலத்தைவிட வேர்ப்பொடியில்தான் இவை சறுக்கும், ஏனென்றால் மண்ணின் உலோகம் வேரில்தான் தங்குகிறது. பொடி செய்வதற்கு முன்பே மூலச்சரக்கைச் சோதித்தால் ஒரு மூட்டையோடு நட்டம் போகும். பிறகு சோதித்தால் முழுத் தொகுதியும் போகும்.

1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யவே தடைவிதிக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். மற்ற மருந்து விளம்பரத்துக்கும் கே.கே.எல்.ஐ.யு. எனும் விளம்பர அனுமதி எண் வேண்டும். முகநூல் பதிவும் விளம்பரம்தான். ‘இதைக் குடித்துச் சர்க்கரை இறங்கியது’ என்று வாடிக்கையாளர் எழுதியதைக் கடைப் பக்கத்தில் பகிர்ந்தாலும் பொறுப்பு கடைக்காரருக்குத்தான்.

டைகர் பாமை ஊரெங்கும் விற்ற, ஆவ் சூ கின்னின் மகன் ஆவ் பூன் ஹாவ் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. புலித்தலை பொருத்திய காரில் ஊர் சுற்றினார்; 1929இல் சிங்கப்பூரில் சின் சியூ ஜிட் போ நாளிதழையே தொடங்கினார்; 1937இல் பாசிர் பாஞ்சாங்கில் எழுப்பிய மாளிகைத் தோட்டத்தை மக்கள் வந்து பார்த்துப் போனார்கள். நோயின் பெயரைச் சொல்லாமலே பொருளின் பெயரை மனத்தில் பதித்த வேலை அதில் நிறைய இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பகுதி சட்டப்படி செல்லும்.

குடும்பத்துக்குள் வேலைப் பிரிவு

அப்பா 1908இல் இறந்தபின் ஆவ் பூன் ஹாவ் விற்பனையைப் பார்க்க, தம்பி ஆவ் பூன் பார் தயாரிப்பையும் நிர்வாகத்தையும் பார்த்தார். சிறு கடைக்கும் இதுவே ஏற்றது. வாங்குகிறவரும் தொகுதியைத் தேர்ச்சி என்று கையெழுத்திடுகிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது. தான் வாங்கிய மூட்டையைத் தானே திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. அம்மா கையளவு, தாத்தா கண்ணளவு என்று இருப்பதையெல்லாம் அவர்கள் எடுத்துப் போடும்போதே தராசில் பிடித்து எழுதிவிடுங்கள். ‘ஒரு கொத்து’ ஒரு கைக்கு 6 கிராமும் இன்னொரு கைக்கு 10 கிராமுமாக இருக்கும். எந்தப் பிள்ளைக்குக் கடை, எதற்குப் பங்கு, வணிகச் சின்னம் யார் பெயரில் என்பதைப் பெரியவர்கள் திடமாக இருக்கும்போதே பத்திரம் எழுதிவிடவேண்டும். வணிகச் சின்னம் தனி ஆள் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் இருப்பது நல்லது.

தொகுதிப் பதிவேட்டில் தேதி, மூலச்சரக்கின் தொகுதி எண், எடைகள், ஊற்றிய சூடு, செய்தவர், சரிபார்த்தவர் ஆறும் இருக்கட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு புட்டியை, அல்லது இரண்டு பொட்டலத்தை, விற்காமல் ஒதுக்கிக் காலாவதி கழிந்து ஒரு வருடம் வரை வையுங்கள். தோல் கொப்பளித்தது, வயிறு கலக்கியது என்று யாராவது வந்தால் வாக்குவாதம் வேண்டாம். மீதிப் பொருளை வாங்கிக்கொண்டு, தொகுதி எண்ணைக் குறித்து, ஒதுக்கிய மாதிரியோடு நிறம், மணம், எடை ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கடைகளிலிருந்து அன்றே திரும்ப எடுங்கள். வேறுபாடு இல்லாவிட்டாலும் பக்கவிளைவாக என்.பி.ஆர்.ஏ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள்.